சின்னப் பிள்ளைங்களுக்கு கோல்ஃப் பழக்கணுமா? குழிக்குப் பக்கத்துலேர்ந்து ஆரம்பிங்க

கோல்ஃப் விளையாடுற அப்பா அம்மா பெரும்பாலும் முதல்ல பண்ற காரியம், பிள்ளைய நேரா டிரைவிங் ரேஞ்சுக்கு, அதாவது பந்த தூரமா அடிச்சுப் பழகுற இடத்துக்கு, கூட்டிட்டுப் போறது. நானும் அதத்தான் பண்ணேன். என் பொண்ணுக்கு அப்ப நாலரை வயசு, என்னோட பழைய கிளப் ஒண்ண (கோல்ஃப் மட்டையத்தான் கிளப்ன்னு சொல்லுவோம், இது நடுத்தர தூரத்துக்கு அடிக்கிற செவன் அயர்ன்) அறுத்துக் குட்டையாக்கி அவ கையில குடுத்து, தூரத்துல இருந்த ஒரு போர்ட காட்டி அங்க அடிம்மான்னு சொன்னேன். 10 தடவ வீசினா, 8 தடவ காத்துலதான் போச்சு, மீதி ரெண்டு தடவ பந்து நாலடி உருண்டுச்சு. பக்கத்துல பெரியவங்க அடிக்கிற பந்தெல்லாம் வானத்துல போகுது, இவ பந்து காலடியிலயே கிடக்கு, நான் வேற விடாம முட்டிய மடக்கு, தலைய தூக்காத, கைய நேரா வைன்னு சொல்லிட்டே இருக்கேன். முகம் சுருங்கிப் போச்சு. அதுக்கப்புறம் 6 மாசம் அந்த கிளப் இருக்கிற பக்கமே அவ போகல.

அப்புறம் ஒரு மழை நாள், வெளிய போக முடியாம வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தோம், ஹால்ல ஒரு டம்ளர படுக்க வச்சு நான் சும்மா புட்டரால, அதாவது பந்த உருட்டி விடுற கிளப்பால, பந்த தள்ளிட்டிருந்தேன். உள்ள போச்சுன்னா 'டங்'னு ஒரு சத்தம் வரும். அந்த சத்தத்துக்கு ஓடி வந்தா, நானும் நானும்னு புட்டர புடுங்கினா, டம்ளருக்கு ரெண்டடி பக்கத்துல உக்காராத குறையா நின்னுக்கிட்டு தள்ளினா. டங். அவ்வளவுதான், அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் அந்த டம்ளர நகர்த்த விடல. நான் அவளுக்கு ஒரு வார்த்தை கூட சொல்லிக் குடுக்கல.

அன்னிக்குப் புரிஞ்சத வச்சுதான் இத எழுதுறேன். பெரியவங்களுக்கு கோல்ஃப்ல தூரம் போறதுதான் சுகம், சின்னப் பிள்ளைக்கு உள்ள போறதுதான் சுகம். அதனால டீயிலேர்ந்து (முதல் அடி அடிக்கிற இடம்) குழிய நோக்கிப் போகாதீங்க, குழியிலேர்ந்து டீய நோக்கி பின்னாடி வாங்க. முதல்ல 2 அடி, அப்புறம் 10 அடி, அப்புறம் கிரீனுக்கு (குழிய சுத்தி ஒட்ட வெட்டின புல்தரை) வெளிய, அப்புறம் 30 கஜம், ரொம்ப தூரம் அடிக்கிற டிரைவர் கிளப் எல்லாத்துக்கும் கடைசி. குழிக்குப் பக்கத்துல ஆரம்பிச்ச பிள்ளைக்கு இந்த விளையாட்டு எதுக்குன்னு முதல் நாளே தெரிஞ்சிரும், ரேஞ்சுல ஆரம்பிச்ச பிள்ளைக்கு வருஷக்கணக்கா தெரியாமலே போகலாம்.

எந்த வயசு?

இந்தக் கேள்விதான் எல்லாரும் கேக்குறாங்க. டைகர் வுட்ஸ் 1978ல ரெண்டு வயசுலயே டிவி நிகழ்ச்சியில வந்து பந்து அடிச்சாரு, அந்த வீடியோவ பாத்துட்டு நம்ம பிள்ளைக்கு மூணு வயசாயிருச்சே, லேட் ஆயிருச்சேன்னு பதறுறவங்க இருக்காங்க. அஞ்சுல வளையாதது அம்பதுல வளையுமான்னு பழமொழி வேற சொல்லுவாங்க. ஆனா பாருங்க, அனிகா சோரன்ஸ்டாம் சின்ன வயசுல டென்னிஸ் ஆடிட்டு, கோல்ஃப கையில எடுத்தது 12 வயசுல, அவங்க ஜெயிச்ச மேஜர், அதாவது கோல்ஃபோட பெரிய போட்டிங்க, 10. லாரி நெல்சன்னு ஒருத்தர், ராணுவத்துலேர்ந்து வந்த அப்புறம் 21 வயசுல ஆரம்பிச்சாரு, அவரே 3 மேஜர் ஜெயிச்சாரு. அதனால அவசரமே இல்ல. மூணு வயசுல ஆரம்பிச்சாலும் சரி, ஒம்பது வயசுல ஆரம்பிச்சாலும் சரி, இது பந்தயம் கிடையாது.

வயச விட நான் பாக்குற விஷயம் ஒண்ணே ஒண்ணு. "நில்லு"ன்னு சொன்னா பிள்ளை நிக்குதா? விளையாட்டு மும்முரத்துல ஓடிட்டிருக்கும்போது கூட அந்த ஒரு வார்த்தைக்கு நின்னா, நிஜ கிளப் குடுக்கலாம். நிக்கலைன்னா பிளாஸ்டிக் கிளப்பும் ஸ்பாஞ்ச் பந்தும் மட்டும்தான், அதுக்கு 5 வயசானாலும் சரி 6 வயசானாலும் சரி.

நேரம்னு பாத்தா 3, 4 வயசுக்கு 10லேர்ந்து 15 நிமிஷம், 5, 6 வயசுக்கு அரை மணி, 7, 8 வயசுக்கு முக்கால் மணி. இது என் அனுபவத்துல சொல்ற கணக்கு, உங்க பிள்ளை கூடக் குறைய இருக்கலாம். ஆனா பிள்ளை சலிச்சுப் போறதுக்கு முன்னாடியே நிறுத்துறதுங்கறதுல மட்டும் நான் விட்டுக் குடுக்க மாட்டேன், "இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு"ன்னு கெஞ்சிட்டிருக்கும்போதே மூட்டை கட்டிருங்க, அப்பதான் மறுநாள் அதுவே வந்து கூப்பிடும்.

அடிபடாம பாத்துக்கிறது

இத படிக்காம தாண்டிப் போயிராதீங்க. கோல்ஃப்ல சின்னப் பிள்ளைங்களுக்கு பெரிய காயம் எப்படி வருதுன்னு பாத்தா, பெரும்பாலும் இன்னொரு பிள்ளை வீசின கிளப்பு தலையில படுறதுனாலதான். அது நடக்கிறது மைதானத்துல மட்டும் இல்ல, வீட்டு வாசல்லயும் பின்பக்கத்துலயும், பெரியவங்க யாரும் பாக்காத நேரத்துல, அண்ணன் வீசும்போது தம்பி பின்னாடி வந்து நின்னு. அதனால நிஜ கிளப்ப விளையாட்டு சாமான் கூடையில போடாதீங்க, உயரமான அலமாரியில இருக்கட்டும், நீங்க எடுத்துக் குடுத்தா மட்டும் வெளிய வரட்டும்.

ஒரு கயிற எடுத்து வட்டமா தரையில போடுங்க. பிள்ளையோட கை நீளமும் கிளப் நீளமும் சேர்த்து, அதுக்கு மேல பெரியவங்க ரெண்டு எட்டு, அவ்வளவு பெருசா இருக்கட்டும். வட்டத்துக்குள்ள ஒரே ஒரு ஆள், கிளப்ப வீசுறது வட்டத்துக்குள்ள மட்டும், இதுதான் சட்டம். அடிக்கிறதுக்கு முன்னாடி "நில்லு, சுத்திப் பாரு, அடி"ன்னு பிள்ளையே வாய்விட்டு சொல்லட்டும், மூணாவது நாள்லேர்ந்து நீங்க மறந்தா அது உங்கள திட்டும். நடக்கும்போது கிளப்போட தலை கீழ தரையப் பாத்து இருக்கணும், தோள் மேல போட்டுக்கிட்டு சுத்தக் கூடாது. அடிச்ச பந்த எடுக்க உடனே ஓடுறதுதான் எல்லா பிள்ளைக்கும் வர்ற பழக்கம், எல்லாரும் அடிச்சு முடிச்சு நீங்க "எடுக்கலாம்"னு சொன்ன பிறகுதான் நகரணும்.

மைதானத்துக்குப் போனீங்கன்னா இன்னும் சிலது இருக்கு. யாராவது "ஃபோர்"னு (பந்து வருது, ஜாக்கிரதைன்னு அர்த்தம்) கத்தினா நிமிர்ந்து எங்கிருந்து வருதுன்னு தேடாம ரெண்டு கையாலயும் தலைய மூடி குனிஞ்சிரணும், இத வீட்டுலயே விளையாட்டா நாலு தடவ பழக்குங்க. இடி சத்தம் கேட்டா அப்பவே கட்டடத்துக்குள்ள போயிருங்க, மரத்தடியில ஒதுங்காதீங்க, கடைசி இடிக்கு அப்புறம் 30 நிமிஷம் வெளிய வராதீங்க. கோல்ஃப் வண்டியில பிள்ளைங்க தவறி விழறது உண்டு, கால் தரைய எட்டாத பிள்ளை திருப்பத்துல சரிஞ்சிரும், கதவும் இருக்காது, அதனால முடிஞ்ச வரைக்கும் நடங்க, ஏத்தினா மெதுவா போங்க, ஸ்டியரிங்க மட்டும் குடுக்காதீங்க. புல்லுக்கு பூச்சி மருந்தும் உரமும் அடிச்சிருப்பாங்க, பந்த நக்கி துடைக்கிறது, டீய (பந்த ஏத்தி வைக்கிற சின்னக் குச்சி, அதுக்கும் டீன்னுதான் பேரு) பல்லுல கடிக்கிறதெல்லாம் வேணாம், சாப்பிடுறதுக்கு முன்னாடி கைய கழுவ வைங்க. தொப்பி, தண்ணி, சன்ஸ்கிரீன்லாம் உங்களுக்கே தெரியும்.

என்ன வாங்கணும், என்ன வாங்கக் கூடாது

விதிப்படி ஒரு ஆட்டக்காரர் 14 கிளப் வரைக்கும் பையில வச்சுக்கலாம். உங்க பிள்ளைக்கு வேண்டியது ஒண்ணு, மிஞ்சிப் போனா ரெண்டு. பின்னாடி பெரிய கோல்ஃப் வீரரான செவே பாலஸ்டெரோஸ் சின்னப் பையனா இருந்தப்ப, ஸ்பெயின்ல கடற்கரை மணல்ல, ஒரே ஒரு த்ரீ அயர்ன வச்சுக்கிட்டு எல்லா ஷாட்டும் பழகினாரு, அந்த ஒத்தக் கிளப்பால உருட்டவும் தூக்கவும் வளைக்கவும் தானா கண்டுபுடிச்சாரு. கிளப் குறைய இருந்தா பிள்ளை யோசிக்கும், நிறைய இருந்தா மாத்தி மாத்தி எடுக்குறதுலயே நேரம் போயிரும்.

5 வயசுக்குக் கீழன்னா பிளாஸ்டிக் செட் போதும், தலை பெருசா இருக்கிறதா பாத்து வாங்குங்க, பந்துக்கு பதிலா டென்னிஸ் பால் இல்லன்னா ஸ்பாஞ்ச் பால். அப்புறம் ஒரு புட்டர், கூட பந்த உயரமா தூக்கி அடிக்கிற ஒரு வெட்ஜோ ஒம்பதாம் நம்பர் அயர்னோ. 7 வயசுக்கு மேலயும் ஆர்வம் நிலைச்சு இருந்துச்சுன்னா அப்ப செட்ட பத்தி யோசிக்கலாம்.

நான் பண்ண மாதிரி பெரியவங்க கிளப்ப அறுத்துக் குடுக்காதீங்க, தயவு செஞ்சு. நீளம்தான் குறையும், தலையோட எடை அப்படியே இருக்கும், தண்டு குட்டையானதும் இன்னும் விறைப்பாயிரும், பிடியும் சின்னக் கைக்கு தடிமனா இருக்கும். பிள்ளை அத தூக்குறதுக்கே உடம்ப பின்னாடி சாய்க்கும், அப்படியே அது பழக்கமாயிரும், பின்னாடி மாத்துறது பெரும்பாடு. என் பொண்ணு அந்த 8 தடவ காத்துல வீசினதுக்கு காரணம் அவ இல்ல, அந்த கிளப்புதான்.

எடை சரியான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. பிள்ளை ஒரு கையால கிளப்ப பிடிச்சு கைய தோள் உயரத்துக்கு நேரா நீட்டட்டும், நீங்க மெதுவா பத்து வரைக்கும் எண்ணுங்க. கை நடுங்கி கீழ இறங்கினா கனம் ஜாஸ்தி. நீளத்த வயச வச்சுப் பாக்காதீங்க, உயரத்த வச்சுப் பாருங்க, ஒரே வகுப்புல படிக்கிற ரெண்டு பிள்ளைங்களுக்குள்ள அரை அடி வித்தியாசம் இருக்கும். வளர்ற பிள்ளை, துணி மாதிரி கொஞ்சம் பெருசா எடுத்துருவோம்னு தோணும், ஒரு அங்குலம் பெருசுன்னா கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சு சமாளிக்கலாம், அதுக்கு மேல போனா பிடியோட முனை வயித்துல இடிக்கும், ஸ்விங்கே கெட்டுப் போயிரும். சைஸ் மாறிட்டே இருக்கும்ங்கறதால ஏற்கனவே யாராவது பிள்ளைங்க ஆடின கிளப்பா கேட்டு வாங்கிக்கிட்டா நல்லது.

பிடியும் நிலையும்

இங்கதான் பெரியவங்க அளவுக்கு மேல சொல்லிக் குடுக்குறாங்க. ஒரே ஒரு முறை காட்டினா போதும். 10 விரலும் பிடியில இருக்கிற மாதிரி, பேஸ்பால் மட்டைய பிடிக்கிற மாதிரி பிடிக்கட்டும். விரல ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏத்துறது, கோக்குறதெல்லாம் கை பெருசான பிறகு பாத்துக்கலாம், சின்னக் கைக்கு அந்த 10 விரல் பலமும் வேணும். வலது கைப் பழக்கம்னா வலது கை கீழ, இடது கை மேல, ரெண்டும் ஒட்டி இருக்கணும், நடுவுல இடைவெளி விட்டா விளக்குமாறு பிடிச்ச மாதிரி ஆயிரும். பிடியில ரெண்டு கலர் ஸ்டிக்கர் ஒட்டி விட்டீங்கன்னா கட்டை விரல எங்க வைக்கணும்னு நீங்க சொல்லவே வேணாம். எவ்வளவு இறுக்கமா? ஈரத் துணிய பிழியிற மாதிரி இல்ல, காத்தில்லாத மழையில குடை பிடிக்கிற மாதிரி.

நீங்க செஞ்சு காட்டும்போது எங்க நிக்கிறீங்கங்கறது ரொம்ப முக்கியம். கோல்ஃப் வீரர் ஃபில் மிக்கல்சன் மத்த எல்லா வேலையும் வலது கையால செய்றவரு, ஆனா கோல்ஃப் மட்டும் இடது கை ஆட்டம், ஏன்னா சின்னப் பிள்ளையா இருந்தப்ப அப்பாவுக்கு எதுத்தாப்புல நின்னு, கண்ணாடியில பாக்குற மாதிரி அவர அப்படியே காப்பி அடிச்சாரு. அவருக்கு அது நல்லதா அமைஞ்சது. ஆனா சின்னப் பிள்ளை காதால கத்துக்கிறதில்ல, கண்ணால கத்துக்குதுன்னு இதுலேர்ந்து தெரியுது இல்லையா? அதனால நீங்க வலது கை ஆட்டக்காரர், பிள்ளையும் வலது கைன்னா, கயித்து வட்டத்துக்கு வெளிய, உங்க முதுகுப் பக்கம் நல்லா தள்ளி பிள்ளைய நிக்க வச்சு, ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாக்குற மாதிரி நின்னு காட்டுங்க. இடது கைப் பழக்கம் உள்ள பிள்ளைன்னா எதுத்தாப்புல நின்னு காட்டலாம், தானா சரியா வந்துரும். எந்தக் கைன்னு சந்தேகமா இருந்தா ரெண்டு பக்க பிளாஸ்டிக் கிளப்பையும் கீழ வச்சுட்டு எத எடுக்குதுன்னு ஒரு வாரம் சும்மா பாருங்க.

ஸ்விங்

ஸ்விங்க உடைச்சு உடைச்சு சொல்லாதீங்க. தண்ணிமேல தத்தித் தத்திப் போற மாதிரி கல்லு எறிவோம்ல, அந்த மாதிரி பக்கவாட்டுல ஒரு பந்த எறியச் சொல்லுங்க. எடை பின்னங்காலுக்குப் போய் முன்னங்காலுக்கு வரும், இடுப்பு திரும்பும், கை கடைசியா வரும். கோல்ஃப் ஸ்விங்குக்கு வேண்டியது அவ்வளவும் அதுக்குள்ள இருக்கு. எறியிறது, நொண்டி அடிக்கிறது, மதில் மேல நடக்குறது, ஓடிப் பிடிக்கிறது எல்லாம் இந்த வயசுல கிளப் பிடிக்கிறத விட பெரிய பயிற்சி, அதனால 10 வயசு வரைக்கும் மத்த விளையாட்ட நிறுத்திட்டு இதுல மட்டும் இறக்கிவிடாதீங்க.

அப்புறம் பந்தே இல்லாம புல்ல உரச விடுங்க. கிளப் தலை புல்ல தடவிட்டுப் போனா 'சர்'னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தத்த வரவைக்கிறதுதான் விளையாட்டு. 10 தடவையில 6, 7 தடவ சத்தம் வந்துச்சுன்னா அதே இடத்துல ஒரு டீய மட்டும் நட்டு அத அடிச்சு பறக்க விடட்டும். அதுவும் வந்துச்சுன்னா டீ மேல பந்து. எப்பவும் டீ மேலதான், ஒரு வருஷம் ஆனாலும் பரவால்ல, பந்து காத்துல எழும்பினாத்தான் பிள்ளைக்கு மனசு எழும்பும்.

பலமா அடிக்கணும்னு ஆசப்பட்டா தடுக்காதீங்க. கோல்ஃப் ஜாம்பவான் ஜாக் நிக்லஸ் 10 வயசுல ஆரம்பிச்சப்ப அவரோட கோச் ஜாக் கிரவுட் சொன்னதே முடிஞ்ச வரைக்கும் பலமா அடி, நேரா போறத பின்னாடி பாத்துக்கலாம்னுதான். நான் அதோட ஒண்ணு மட்டும் சேத்துப்பேன், அடிச்சு முடிச்சதும் மூணு எண்ற வரைக்கும் சிலையா நிக்கணும். எவ்வளவு பலமா வேணாலும் அடி, ஆனா தடுமாறாம சிலை பிடிக்கணும். இந்த ஒரு நிபந்தனையே வேகத்தையும் சமநிலையையும் சேத்து பாத்துக்கும்.

"தலைய தூக்காத"ன்னு சொல்றத விட்டுருங்க. பந்து எங்க போச்சுன்னு பாக்க ஆசப்படுறது பிள்ளையோட இயல்பு, அத குத்தம் மாதிரி சொன்னா உடம்பு விறைச்சுப் போயிரும், ஸ்விங் பாதியிலயே நின்னுரும். அதுக்கு பதிலா "அடிச்சதும் டீ எந்தப் பக்கம் பறந்துச்சுன்னு பாத்து சொல்லு"ன்னு கேளுங்க, தலை தானா இருக்க வேண்டிய இடத்துல இருக்கும். பொதுவாவே ஒரு நாளைக்கு ஒரு விஷயம்தான். காலைல நிலை பத்தி சொன்னா அன்னிக்கு பிடி பத்தி வாயத் திறக்கக் கூடாது.

காத்துல வீசி அழுகை வந்துச்சுன்னா என் பொண்ணுக்கு நான் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. 1971ல அப்பல்லோ 14ல நிலாவுக்குப் போன ஆலன் ஷெப்பர்ட், ஒரு சிக்ஸ் அயர்ன் தலைய கூடவே எடுத்துட்டுப் போய் அங்க ஒரு கம்பியில மாட்டி பந்து அடிச்சாரு. விண்வெளி உடுப்பு ரெண்டு கையையும் சேர விடாது, ஒத்தக் கையாலதான் வீசினாரு. முதல் வீச்சுல பந்த விட நிலா மண்ணுதான் ஜாஸ்தி பறந்துச்சு. திரும்ப வீசினாரு. கதைய முடிச்சதும் அவ கண்ண துடைச்சுட்டு நானும் நிலாவுலதான் இருக்கேன்னு சொல்லிட்டு ஒத்தக் கையால வீசுவா, அத நான் தடுக்கவே மாட்டேன்.

விளையாட்டா ஆக்குறது

நிஜமான குழியோட விட்டம் நாலேகால் அங்குலம், 108 மில்லிமீட்டர். பந்து 1.68 அங்குலம். அதாவது ரெண்டு பந்த பக்கத்துல பக்கத்துல வச்சா குழிக்குள்ள கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கும், அவ்வளவுதான். பெரியவங்களுக்கே கஷ்டம், 4 வயசுக்கு இது ரொம்பச் சின்னது. அதனால முதல்ல வாளிய படுக்க வைங்க, அப்புறம் டப்பா, அப்புறம் டம்ளர், நிஜ குழிக்கு வர்றதுக்குள்ள மாசக்கணக்கு ஆகட்டும்.

எங்க வீட்டுல இன்னிக்கும் ஓடிட்டிருக்கிற விளையாட்டுங்கள சொல்றேன். கதவு விளையாட்டு, ரெண்டு டீய கிளப் தலைய விட கொஞ்சம் அகலமா நட்டு அதுக்கு நடுவால பந்த தள்ளணும், போச்சுன்னா கதவ கொஞ்சம் குறுக்கலாம், இது பந்த நேரா தள்ள பழக்குற வேலைய சத்தமில்லாம செஞ்சிரும். கடிகாரம், குழிய சுத்தி 2 அடி தூரத்துல 12 இடத்துல பந்த வச்சு ஒரு மணியிலேர்ந்து பன்னெண்டு மணி வரைக்கும் போட்டுட்டு வரணும், கூடவே மணி பாக்கவும் கத்துக்கும். குடை, பெரிய குடைய விரிச்சு தலைகீழா தரையில வச்சு 5, 6 கஜம் தள்ளி நின்னு சிப் பண்ணி, அதாவது பந்த கொஞ்சமா தூக்கி அடிச்சு, உள்ள போடணும், உள்ள விழற சத்தம் அவ்வளவு நல்லா இருக்கும். அப்புறம் படி, ஒவ்வொரு பந்தும் போன தடவ நின்ன இடத்த தாண்டி நிக்கணும், 3 அடியில ஆரம்பிச்சு எத்தன படி ஏற முடியுதுன்னு பாக்கறது. தூரத்த அளந்து தள்ளுறதுங்கறது பெரியவங்களே தடுமாறுற விஷயம், பிள்ளைங்க இந்த படி விளையாட்டுல அத உடம்பால கத்துக்கிறாங்க.

எவ்வளவு தூரம் பின்னாடி இழுக்கணும்னு சொல்லவும் கடிகாரம்தான் எனக்கு கை குடுக்குது. தலை 12, கால் 6னு வச்சுக்கிட்டா, புட்டுக்கு (புட்டரால தள்ளுறது) 7லேர்ந்து 5, சிப்புக்கு 8லேர்ந்து 4, கொஞ்சம் தூரம்னா 9லேர்ந்து 3. அதுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

நீங்களும் கூட ஆடுங்க, நின்னு பாத்துக்கிட்டே இருந்தா அது பரீட்சை மாதிரி ஆயிரும். ஆனா வேணும்னே தோக்காதீங்க, பிள்ளைங்க கண்டுபுடிச்சிரும். நான் இடது கையால ஆடுவேன், அப்ப போட்டி நிஜமாவே சமமா இருக்கும், அவ ஜெயிச்சா நிஜமாவே ஜெயிச்சதுதான். கொஞ்சம் பெரிய பிள்ளைங்களுக்கு, அமெரிக்காவுல 7லேர்ந்து 15 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களுக்கு டிரைவ், சிப் அண்ட் புட்னு ஒரு போட்டி நடக்குது, 2014லேர்ந்து அதோட இறுதிச் சுத்து மாஸ்டர்ஸ்ங்கற மேஜர் போட்டி நடக்குற அகஸ்டா நேஷனல் மைதானத்துலயே நடக்குது, அது மாதிரி தூர அடிக்கு, சிப்புக்கு, புட்டுக்குன்னு தனித்தனியா மார்க் போட்டு ஒரு சின்னப் போட்டி வைக்கலாம். தூரமா அடிக்கிற பிள்ளை மட்டும் ஜெயிக்காது, அது நல்ல விஷயம்.

முதல் தடவ மைதானத்துல

கூட்டம் இல்லாத சாயங்கால நேரமா பாத்து, மைதானத்துல முன்கூட்டியே கேட்டுக்கிட்டு போங்க. சின்ன பார் த்ரீ கோர்ஸ் (குழியெல்லாம் கிட்டத்துலயே இருக்கிற மைதானம்) இருந்தா அதுதான் முதல்ல. 18 ஹோல் கிடையாது, 9ம் கிடையாது, 2 ஹோல் இல்லன்னா 3. பிள்ளைய டீ பாக்ஸ்லேர்ந்து ஆட விடாதீங்க, கிரீனுக்கு 30, 40 கஜம் தள்ளி ஃபேர்வேயில (கிரீனுக்குப் போற வழியில வெட்டி வச்ச புல்தரை) நிறுத்தி அதான் உன் டீன்னு சொல்லிருங்க. எங்க கிடந்தாலும் பந்த டீ மேல வச்சு அடிக்கலாம், மணல்ல விழுந்தா கையால எடுத்து வெளிய போடலாம், ஒரு ஹோல்ல 8 தடவ அடிச்சாச்சுன்னா எடுத்து நேரா கிரீன்ல வச்சு புட் பண்ணி முடிக்கலாம். புட் பண்ணாம மட்டும் எந்த ஹோலையும் விடாதீங்க, உள்ள போடுற அந்த சத்தம் இல்லாம அடுத்ததுக்குப் போனா பிள்ளைக்கு ஏதோ பாதியில நின்ன மாதிரி இருக்கும். 2019லேர்ந்து விதிப்படியே கொடிக்கம்பத்த எடுக்காம புட் பண்ணலாம், அப்படியே விடுங்க, வேகமா வர்ற பந்து கம்பத்துல பட்டு உள்ள விழ வாய்ப்பு உண்டு.

ஸ்கோர் எண்ணாதீங்க. ஒரு ஹோலுக்கு 11, 12னு வர்ற நம்பர பாத்து எந்தப் பிள்ளைக்கும் சந்தோஷம் வராது. எண்ணியே ஆகணும்னு பிள்ளையே கேட்டுச்சுன்னா ஸ்டேபிள்ஃபோர்டுங்கற புள்ளி முறை மாதிரி புள்ளி குடுங்க. பிள்ளைக்குன்னு தனியா ஒரு பார், அதாவது ஒரு ஹோல எத்தன அடியில முடிக்கணும்ங்கற கணக்கு, வைங்க, 6னு வைங்களேன், 6ல முடிச்சா 2 புள்ளி, 7ன்னா 1, 5ன்னா 3, 7க்கு மேல எத்தன அடிச்சாலும் பூஜ்யம்தான், கெட்டுப் போன ஹோல அங்கயே மறந்துட்டு அடுத்ததுக்குப் போயிரலாம்.

மரியாதைய புத்திமதியா சொல்லாதீங்க, வேலையா குடுங்க. பங்கர்ல (மணல் பள்ளம்) ரேக் போடுறது, கிரீன்ல பந்து விழுந்த குழிய சரி பண்றது, பேந்து வந்த புல்ல எடுத்து வந்த இடத்துலயே வச்சு மிதிக்கிறது, கொடி பிடிக்கிறது, இதெல்லாம் பிள்ளைங்களுக்கு அடிக்கிறத விட பிடிக்கும், நிஜமாவே. அடுத்தவங்க புட் போற பாதைய மிதிக்காம தாண்டிப் போறதையும், நம்ம நிழல் அதுல விழாம நிக்கிறதையும் ஒரு விளையாட்டா காட்டினா, அத பெரியவங்கள விட கவனமா செய்வாங்க. பின்னாடி யாராவது வந்தா ஒதுங்கி அவங்கள முன்னாடி போக விடுங்க, உங்களுக்கும் பதட்டம் இருக்காது. நடுவுல பிள்ளை எறும்புப் புத்து பாக்கணும்னா பாக்கட்டும், தொலைஞ்ச பந்து தேடணும்னா தேடட்டும். விதியில தேட 3 நிமிஷம்தான், பின்னாடி ஆள் இல்லன்னா யார் எண்ணப் போறா.

கோவத்துல கிளப்ப வீசி எறிஞ்சா கத்தாதீங்க, கிளப்ப பையில வச்சு, "இன்னிக்கு கிளப்புக்கு ரெஸ்ட், நாளைக்கு வரலாம்"னு சொல்லி கிளம்பிருங்க. அதே குரல்ல, ஒவ்வொரு தடவையும். கிளம்பி வர்ற வழியில அந்த ஷாட் ஏன் அப்படிப் போச்சு, இந்த கை ஏன் வளைஞ்சுதுன்னு பேசவே கூடாது, நான் கேக்குற கேள்வி ஒண்ணுதான், இன்னிக்கு எந்த ஷாட் உனக்கு பிடிச்சுது? பதில் சில நாள் ஷாட்டா இருக்காது, தவளையா இருக்கும். அதுவும் சரிதான். அண்ணன் இப்படி அடிப்பான், பக்கத்து வீட்டுப் பிள்ளை அவ்வளவு தூரம் அடிக்குதுங்கற பேச்சும் வேணாம். பாராட்டும்போது "சூப்பர்"ங்கறதோட நிறுத்தாம "சிலை மாதிரி நின்ன பாரு, அது நல்லாருந்துச்சு"ன்னு எதுன்னு குறிப்பா சொல்லுங்க, அடுத்த தடவ அதையே திரும்ப செய்யும்.

கோச் எப்ப வைக்கிறது? பிள்ளையே கேக்கும்போது, இல்லன்னா உங்களுக்கும் பிள்ளைக்கும் நடுவுல உரசல் வர ஆரம்பிக்கும்போது. சேக்குறதுக்கு முன்னாடி ஒரு வகுப்ப முழுசா உக்காந்து பாருங்க. ஒரு பிள்ளை எத்தன நிமிஷம் கிளப்ப வீசுது, எத்தன நிமிஷம் வரிசையில சும்மா நிக்குதுன்னு எண்ணுங்க. நிக்கிற நேரம் ஜாஸ்தின்னா வேற இடம் பாருங்க. கோடு போட்டு, தள்ளித் தள்ளி நிறுத்தி, ஒரே சொல்லுக்கு எல்லாரும் நிக்கிற மாதிரி வச்சிருக்காங்களான்னும் பாருங்க.

ரேஞ்சுக்கு எப்ப போகலாம்னா, சிப் பண்ணி குடைக்குள்ள போடுறது அலுத்துப் போய், இன்னும் தூரமா அடிக்கணும்னு பிள்ளையே கேக்குற அன்னிக்கு. சின்ன கூடை பந்து வாங்குங்க, 20, 25 பந்து போதும், பாயில இல்லாம புல்லுல அடிக்கிற இடமா இருந்தா மணிக்கட்டுக்கு நல்லது. பாதி பந்த தூரமா அடிக்கட்டும், மீதிய பக்கத்துல இருக்கிற புட்டிங் கிரீனுக்குப் போய் ஆடலாம்.

எங்க போனாலும் சரி, எவ்வளவு நேரம் ஆடினாலும் சரி, கடைசி பந்து மட்டும் குழிக்கு ஒரு அடி தள்ளி வைங்க. அத உள்ள போட்டு, சத்தத்த கேட்டு, பந்த கையால எடுத்து பாக்கெட்டுல போட்டுக்கிட்டு கிளம்பட்டும்.